வாரண்டி முடிந்து 23 நாளில் லேப்டாப் டெட்: மதர்போர்டு மாற்ற 31,000 ரூபாய் கொடுக்கலாமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது 56,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கிக்கொடுத்திருக்கிறார். ஒரு வருட வாரண்டி. இரவு நன்றாக ஓடிய மிஷின், காலையில் பவர் பட்டனை அழுத்தினால் அசையவே இல்லை. பஸ் ஏறிப் புதுச்சேரியில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோயிருக்கிறார். "வாரண்டி முடிந்து 23 நாள் ஆகிவிட்டது, மதர்போர்டு போய்விட்டது, மாற்றினால் ஜிஎஸ்டி சேர்த்து 31,000 ரூபாய்" என்று எஸ்டிமேட் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று திருப்பி எடுத்துவந்துவிட்டார். ஊரில் தெரிந்த கடைக்காரர் ஒருவர் 4,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா என்பது கேள்வி.

அந்தக் கேள்விக்குள் எனக்கு இன்னொன்றும் கேட்கிறது. 23 நாள் தாண்டிவிட்ட ஒரே காரணத்துக்காக, இனி யார் என்ன விலை சொன்னாலும் தலையாட்ட வேண்டியதுதானா? இல்லை. ஆனால் எதை முதலில் செய்கிறீர்கள், எதைப் பிறகு செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைக்காரர் போர்டில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சில காரியங்களை, கை வைத்த பிறகு செய்யவே முடியாது.

நான் 17 வருடமாகப் புதுச்சேரியில் லேப்டாப் போர்டு வேலை பார்க்கிறேன். தொழிலில் சிப் லெவல் சர்வீஸ் என்போம்; மதர்போர்டை முழுதாக மாற்றாமல், அதில் கெட்ட சிறு பாகத்தை மட்டும் சரிசெய்வது. அதற்கு முன் 4 வருடம் ஒரு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் இன்ஜினியராக இருந்தேன். கவுண்டரின் இரண்டு பக்கமும் நின்றவன். சட்டம் நான் படித்ததில்லை. வாடிக்கையாளர்களுக்கு டெக்னிக்கல் ரிப்போர்ட் எழுதிக்கொடுத்து, சிலரோடு நுகர்வோர் ஆணையம் வரை போய்வந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்வேன். கேஸ் நடத்துவது என்று முடிவு செய்தால் ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பில்லைத் தேடி எடுங்கள். நீங்கள் எழுதியதில் வாங்கிய தேதியே இல்லை. சர்வீஸ் சென்டர் சொன்ன 23 நாள் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு அவர்கள் கணினி காட்டிய கணக்கு. சீரியல் நம்பரைத் தட்டினால் வரும் வாரண்டி தேதி, பல நேரம் நீங்கள் கடையில் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. மிஷின் கம்பெனியிலிருந்தோ மொத்த வியாபாரியிடமிருந்தோ கிளம்பிய நாளை வைத்துத் தானாக ஒரு தேதி ஏறியிருக்கும். அதன்பிறகு அது கடை அலமாரியில் ஒன்றரை மாதம் பெட்டியோடு இருந்திருந்தால், அந்த ஒன்றரை மாதம் உங்கள் வாரண்டியிலிருந்துதான் கழிந்திருக்கிறது. பில்லைக் கொடுத்து, "வாங்கிய தேதிப்படி வாரண்டியைத் திருத்துங்கள்" என்று கேட்டால் திருத்துவார்கள். சர்வீஸ் சென்டரில் இருந்த காலத்தில் இப்படிப் பல பில்களை நானே கம்பெனிக்கு அனுப்பி, தேதி மாறி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டால்தான் அது நடக்கும்; கவுண்டரில் இருப்பவர் தானாகக் கேட்க மாட்டார். பில் தொலைந்திருந்தால், வாங்கிய கடையில் உங்கள் போன் நம்பரைச் சொல்லி நகல் கேளுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் உங்கள் கணக்கில் பழைய ஆர்டருக்குள் பில் இருக்கும். உங்கள் விஷயத்தில் தேதி சாதகமாக இருக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இருந்துவிட்டால் 31,000 ரூபாய் பூஜ்யமாகிவிடும், மற்ற எதுவுமே தேவைப்படாது.

பில் தேதியும் தாண்டித்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் "மதர்போர்டு போய்விட்டது" என்ற வார்த்தையைப் பார்க்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் இருப்பவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்குக் கம்பெனியிலிருந்து வருவது முழு போர்டு, முழு ஸ்க்ரீன், முழு கீபோர்டு. போர்டில் இருக்கும் ஐசி, கெப்பாசிட்டர் போன்ற சிறு பாகங்கள் தனியாக வராது. சார்ஜர் மாற்றிப் பார்ப்பார்கள், ரேம் மாற்றிப் பார்ப்பார்கள், பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பார்கள். அப்போதும் உயிர் வரவில்லையென்றால் அவர்கள் பட்டியலில் மிச்சம் இருப்பது போர்டு ஒன்றுதான். ஆக "மதர்போர்டு போய்விட்டது" என்றால் "கோளாறு போர்டுக்குள் எங்கோ இருக்கிறது" என்று பொருள். போர்டு செத்துவிட்டது என்று பொருள் இல்லை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு போர்டைச் சொல்கிறேன். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு ஆசிரியை கொண்டுவந்தது. எஸ்டிமேட் தாளில் 26,000 ரூபாய். பெஞ்ச் பவர் சப்ளையில் 19 வோல்ட் கொடுத்ததும் வோல்ட் அப்படியே கீழே விழுந்தது. போர்டில் ஷார்ட் இருக்கிறது, அதாவது கரண்ட் போகக்கூடாத வழியில் நேராகப் பாய்கிறது. மீட்டரில் மெயின் லைனை கிரவுண்டோடு அளந்தால் 0.3 ஓம். சப்ளையை 1 வோல்ட்டுக்குக் குறைத்து அந்த லைனில் கரண்ட் ஏற்றி, போர்டு மேல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினேன். பளபளவென்று நனைந்திருந்த போர்டில், சார்ஜிங் ஐசிக்குப் பக்கத்தில் கடுகளவு இருந்த ஒரு கெப்பாசிட்டர் மேல் மட்டும் ஈரம் முதலில் காய்ந்து வட்டமாக விலகியது. சூடாவது அதுதான். அதை எடுத்துவிட்டு அளந்தால் ஷார்ட் இல்லை. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே அளவு கெப்பாசிட்டரை எடுத்து வைத்ததும், திரும்ப 19 வோல்ட்டில் சப்ளையின் முள் நிதானமாக நின்றது. பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது. கூலி 2,500 ரூபாய் வாங்கினேன். அந்த லேப்டாப் இன்றும் ஓடுகிறது.

எல்லா போர்டும் இப்படி எழுந்து உட்காராது, அதையும் சொல்ல வேண்டும். பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் இடத்தில் மேல்பக்க மாஸ்ஃபெட் (கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச் போன்ற பாகம்) ஷார்ட் ஆனால், 1 வோல்ட் சுமாருக்குப் போக வேண்டிய இடத்தில் 19 வோல்ட் நேராகப் பிராசஸருக்குள் போய்விடும். இந்தக் காலத்து லேப்டாப்களில் பிராசஸர் போர்டோடு சால்டர் ஆகியே வருகிறது. அது போனால் போர்டு போனது போலத்தான். தண்ணீர் பட்டு, கவனிக்காமல் விட்டு, போர்டின் உள் அடுக்குகளில் கோடுகள் அரித்துப்போனாலும் அப்படியே. உங்களுடையது எந்த வகை என்பது மேஜையில் வைத்து அளந்தால்தான் தெரியும். போனில் கேட்டுவிட்டு "இதுதான் கோளாறு" என்று சொல்பவர் யாராக இருந்தாலும், அது அனுமானம்தான்.

லேப்டாப்பைத் திறக்காமலேயே நீங்கள் வீட்டில் பார்க்கக்கூடியவை சில உண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி 10 நிமிடம் விட்டு ஆன் செய்து பாருங்கள். பார்க்க எளிதாகத் தெரிந்தாலும், பல முறை பலித்திருக்கிறது. சார்ஜரை மாட்டியதும் பக்கத்து விளக்கு எரிகிறதா, எரிந்து அணைகிறதா, எரியவே இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். டைப்-சி சார்ஜர் என்றால், அதே வாட்ஸ் உள்ள வேறு சார்ஜரைக் கடன் வாங்கிப் பாருங்கள். 65 வாட்ஸ் கேட்கும் மிஷினுக்கு போன் சார்ஜரைப் போட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஃபேன் சுற்றுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் அது டெட் இல்லை, நோ டிஸ்ப்ளே. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் போர்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. கோளாறு அநேகமாக ஸ்க்ரீனிலோ அதன் கேபிளிலோ இருக்கும். மகளிடம் ஒன்று கேளுங்கள்: முந்தின இரவு அப்டேட் ஓடி ரீஸ்டார்ட் ஆனதா? விண்டோஸ் அப்டேட்டோடு பயாஸ் (மிஷின் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் சேர்ந்து வருவதுண்டு. நடுவில் கரண்ட்டோ பேட்டரியோ போனால் பயாஸ் பாதியில் நின்றுவிடும், மிஷின் பார்க்கச் செத்தது போலவே இருக்கும். எச்பி என்றால் சார்ஜரை மாட்டி, விண்டோஸ் கீயையும் பி கீயையும் அழுத்தியபடியே பவர் பட்டனை 2, 3 விநாடி அழுத்தி விட்டால், பல மாடல்களில் பயாஸ் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும். டெல் என்றால் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்திக்கொண்டு சார்ஜரை மாட்ட வேண்டும். அப்படியும் வரவில்லையென்றால் கடையில் பயாஸ் சிப்பைப் புரோகிராமரில் வைத்து எழுதுவோம். 1,000, 1,500 ரூபாய் வேலை அது.

இவ்வளவும் பார்த்து உயிர் வரவில்லையென்றால், உடனே அந்த 4,000 ரூபாய் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். சர்வீஸ் சென்டருக்கு இல்லை, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு, மெயிலில். சீரியல் நம்பர், பில், ஜாப் ஷீட் (மிஷினை வாங்கிக்கொள்ளும்போது சர்வீஸ் சென்டர் எழுதிக்கொடுக்கும் தாள்), எஸ்டிமேட் தாள் எல்லாவற்றையும் இணையுங்கள். கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, யாரும் திறக்கவில்லை என்பது உண்மையானால் அதை எழுதுங்கள். வாரண்டி முடிந்த சில நாட்களில் முக்கியமான பாகம் போயிருக்கிறது, விதிவிலக்காக இலவசமாகவோ பாதி விலையிலோ மாற்றித் தர வேண்டும் என்று கேளுங்கள். இது உங்கள் உரிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சில வாரங்கள் தாண்டிய மிஷின்களுக்குக் கம்பெனி இறங்கிவந்து போர்டு கொடுத்ததை சர்வீஸ் சென்டரில் இருந்தபோது என் கையாலேயே மாற்றியிருக்கிறேன். கவுண்டரில் சண்டை போட்டவர்களைவிட, தாள்களோடு எழுதியவர்களுக்குத்தான் அது அதிகம் கிடைத்தது.

அந்த மாடலில் எல்லாருக்கும் இதே கோளாறு வருகிறதா என்றும் தேடிப்பாருங்கள். தயாரிப்பிலேயே குறை இருந்து, வாரண்டி முடிந்த மிஷின்களுக்கும் கம்பெனியே பொறுப்பேற்ற சம்பவங்கள் உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்களின் பேக்கேஜில் இருந்த பலவீனத்துக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. ஆப்பிள் 2018 ஜூனில், தன் மேக்புக் கீபோர்டுகளை வாங்கிய நாளிலிருந்து 4 வருடம் வரை இலவசமாகச் சரிசெய்வதாக அறிவித்தது. உங்கள் மாடலுக்கும் அப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று கம்பெனியின் இணையதளத்தில் ஒரு தடவை பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

கம்பெனி பதிலே சொல்லவில்லை, அல்லது முடியாது என்கிறது என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் தீர்ப்பு சொல்லும் இடம் இல்லை. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனாலும் சர்வீஸ் சென்டரில் அந்தப் புகார் எண்ணோடு வரும் ஃபைலை மேலாளர் தனியாக எடுத்துவைப்பார், அதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் மேலே போவதென்றால் நுகர்வோர் ஆணையம். இதில் உறுதியாகத் தெரிந்ததையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். லேப்டாப்பைப் புதுச்சேரியிலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும் கடலூர் மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். வழக்குக்குக் காரணமான சம்பவத்திலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். இவையெல்லாம் சட்டத்தில் இருப்பவை. ஜெயிப்பீர்களா என்பதுதான் உறுதியில்லாதது. வாரண்டி முடிந்த பிறகு பழுதானது என்பது மட்டும் போதாது. தயாரிப்பிலேயே குறை இருந்தது என்று காட்ட வேண்டும். வாரண்டிக்குள்ளேயே ஒருமுறை "சூடாகிறது, தானாக அணைகிறது" என்று சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோன ஜாப் ஷீட் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகிவிடும். குறை அப்போதே இருந்தது என்பதற்கு அது அவர்கள் கையெழுத்திட்ட சாட்சி. அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று மகளிடமும் கேளுங்கள். எதுவுமே இல்லாமல், ஒரே நாளில் டெட் ஆன மிஷினை வைத்து மட்டும் போனால் கஷ்டம்தான்.

நான் முதலில் சொன்ன வரிசைக்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பார்த்தால் தெரியாத குறையாக இருந்தால் ஆணையம் அந்தப் பொருளை ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் போர்டில் அதற்குள் யாராவது ஹாட் ஏர் அடித்து, ஃப்ளக்ஸ் கொட்டி, இரண்டு ஐசியை மாற்றிப் பார்த்திருந்தால் அந்த அறிக்கை என்ன சொல்லும்? "வெளியாள் கை வைத்த போர்டு" என்று கம்பெனி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். ஆகவே எழுதிக் கேட்பதெல்லாம் முடியும்வரை போர்டைத் தொடவிடாதீர்கள். மெயிலுக்கும் 1915க்கும் சேர்த்து மூன்று நான்கு வாரம் கொடுங்கள். அதற்குள் ஒன்றும் நகரவில்லை, கேஸ் நடத்தவும் மனம் இல்லை என்றால், அப்புறம் தயங்காமல் வெளியில் கொடுங்கள்.

வெளியில் கொடுப்பதில் கடையைவிட, போர்டில் கை வைக்கும் ஆள் முக்கியம். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் சரி, இங்கே புதுச்சேரியிலும் சரி, "லேப்டாப் சர்வீஸ்" என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் கடைகளில் பல, ஓஎஸ் போடுவது, ஸ்க்ரீன், கீபோர்டு, பேட்டரி மாற்றுவதோடு நிற்பவை. போர்டு வேலை வந்தால் வாங்கிவைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்கோ வேறு ஒருவரிடமோ அனுப்புவார்கள். அது தப்பில்லை, நானே அப்படிக் கடைகளிலிருந்து வரும் போர்டுகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆனால் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "நீங்களே செய்வீர்களா, வெளியே அனுப்புவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அந்த 4,000 ரூபாய் நண்பர் மிஷினைத் திறந்து அளந்து சொன்னாரா, பார்த்த உடனே சொன்னாரா என்று யோசியுங்கள். அளக்காமல் சொன்ன விலை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். "300, 500 ரூபாய் செக்கிங் சார்ஜ் வாங்கிக்கொள்ளுங்கள், கோளாறு எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், அப்புறம் வேலையை ஆரம்பியுங்கள்" என்று பேசிக்கொள்ளுங்கள். எந்த லைனில் ஷார்ட், எந்த ஐசி வேலை செய்யவில்லை என்று வேலை தெரிந்த ஆள் ஒரு நிமிடத்தில் சொல்வார். பெயர் புரியாவிட்டாலும் எழுதி வாங்குங்கள்.

ஒரு வார்த்தையைக் கேட்டால் மட்டும் லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்: "சூடு காட்டினால் சரியாகிவிடும்." செத்த சிப்பை ஹீட் கன்னில் சூடாக்கினால் உள்ளே விட்டுப்போன இணைப்பு சில நாள், சில வாரம் ஒட்டிக்கொள்ளும். கேரண்டி முடிவதற்குள்ளோ முடிந்த மறுநாளோ திரும்ப இருட்டு. இரண்டாவது முறை வரும் அந்த போர்டு வளைந்து, பக்கத்துச் சிப்களும் கெட்டு, நல்ல ஆள் கையில் கொடுத்தாலும் எழாத நிலைக்குப் போயிருக்கும். என் மேஜைக்கு வரும் போர்டுகளில் மனதை மிகவும் வருத்துவது இவைதான். முதலில் இங்கே வந்திருந்தால் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

கொடுப்பதற்கு முன் பின்மூடியைத் திறந்து உள்ளே ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி இவற்றின் ஸ்டிக்கர்கள் தெரிய போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முன்னாலேயே எடுங்கள், நேர்மையான ஆள் கோபப்பட மாட்டார். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வேலைக்கு எத்தனை நாள் கேரண்டி என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். நான் போர்டு வேலைக்கு 60 நாள் கொடுக்கிறேன். 30 நாளுக்குக் குறைவாகச் சொன்னால் அவருக்கே தன் வேலையில் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மகளின் ஃபைல்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிய கவலை. போர்டு செத்தாலும், ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கழற்றக்கூடிய எம்.2 எஸ்எஸ்டி என்றால் ஒரு கேசிங்கில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம். தடையாக நிற்பது ஒன்று உண்டு. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்த உடனேயே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. அந்தச் சாவி போர்டில் இருக்கும் பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டது. எஸ்எஸ்டியை வேறு மிஷினில் போட்டாலோ, போர்டையே மாற்றினாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்றே வேறு போனிலோ கணினியிலோ அந்தக் கணக்கில் நுழைந்து அதை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போர்டு மாற்றிக் கொடுத்த பிறகு, பாஸ்வேர்டு மறந்துபோன கணக்கை நினைத்து இரண்டு வருட ப்ராஜெக்ட்டை இழந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் சென்டரில் கொடுத்தாலும் இதே எச்சரிக்கை. டிஸ்க்கில் இருப்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை என்று நீங்கள் கையெழுத்துப் போடும் தாளிலேயே எழுதியிருக்கும்.

போர்டு உண்மையிலேயே போய்விட்டது என்று அளந்து சொன்னால், அப்போது 31,000 ரூபாயைப் பற்றி யோசிக்கலாம். 56,000 ரூபாய்க்கு வாங்கியது என்று கணக்குப் போடாதீர்கள். அதே போன்ற ஒரு வருடம் ஓடிய மிஷின் இன்று என்ன விலைக்குப் போகும் என்று பாருங்கள். அதில் பாதியைத் தாண்டினால் நான் மாற்றச் சொல்வதில்லை. ஸ்க்ரீன் உடைந்த லேப்டாப்களிலிருந்து கழற்றிய போர்டு அந்த 31,000 ரூபாயில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அது உங்கள் மாடலுக்கே, அதே பிராசஸரோடு, பயாஸ் பாஸ்வேர்டு இல்லாமல் இருக்க வேண்டும். ஆன் செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் பணம் கொடுங்கள். எந்த போர்டு போட்டாலும் பழைய சீரியல் நம்பரை அதில் எழுதச் சொல்லுங்கள். விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டின் பயாஸுக்குள் இருந்தது என்பதால், புதிதில் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள்.

கடலோர ஊர்க்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் போர்டுகளைத் திறந்தாலே தெரிந்துவிடும். கனெக்டர் கால்களில் பாசி பிடித்தது போலப் பச்சை. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிப்பதன் நிறம் அது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு எங்கள் கடையில் நடக்க இடமில்லாமல் லேப்டாப்கள் அடுக்கியிருந்தன. நனைந்ததை அப்படியே எடுத்துவந்தவர்களுடையது, பேட்டரியைக் கழற்றி, ஆல்கஹாலில் கழுவி, காயவைத்ததும் பல பிழைத்தன. வெயிலில் வைத்துவிட்டு, அரிசியில் புதைத்துவிட்டு, "ஒருமுறை ஆன் செய்து பார்ப்போம்" என்று சார்ஜரைக் குத்தியவர்களுடையது பெரும்பாலும் பிழைக்கவில்லை. உங்கள் போர்டில் அந்தப் பச்சை இருந்தால் "தண்ணீர் பட்டது" என்று கம்பெனி சொல்ல இடமுண்டு. ஜாப் ஷீட்டில் தண்ணீர் சேதம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். ஒன்றும் எழுதவில்லையென்றால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அவர்கள் ஆளே திறந்து பார்த்தபோது அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்பதற்கு அது ஆதாரம்.

பில் தேதி, லேப்டாப் மாடல், சார்ஜர் மாட்டும்போது விளக்கு எரிகிறதா இல்லையா, இந்த மூன்றையும் எழுதுங்கள். விளக்கு எரிந்து உடனே அணைகிறது என்றால் சார்ஜரைத் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்க்காமல் அப்படியே கழற்றி வைத்துவிடுங்கள்.